ஏஐ பாடம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள், நாம் எங்கே கற்றுக்கொள்வது?

பாமணிக்கரை மகள்:
மன்னார்குடி பக்கம் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் எடுக்கிறேன். பதினைந்து வருடம் சி, ஜாவா என்றே ஓடிவிட்டது, அடுத்த செமஸ்டரில் செயற்கை நுண்ணறிவுப் பாடம் எனக்குத்தான். ஐந்து நாள் பயிற்சிக்குப் போனால் முழுக்க ஸ்லைடுதான், ஒரு வரி நிரல்கூட எழுத வைக்கவில்லை. அரைகுறையாகப் பிள்ளைகள் முன்னால் நிற்க மனம் வரவில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

கும்பகோணத்துக்காரன்:
மேடம், முதலில் கணிதம். அணிகள், நிகழ்தகவு, கொஞ்சம் நுண்கணிதம், இவை கைவந்தால்தான் பிழையைப் படிப்படியாகக் குறைக்கும் கிரேடியன்ட் டிசென்ட் முறை பற்றி மாணவர் குறுக்குக் கேள்வி கேட்கும்போது பதில் வரும். என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். வீடியோ பார்ப்பதோடு விடாமல் வாராந்திர அசைன்மென்டையும் போடுங்கள். லேபில் பழைய கணினிதானா? நிரல் எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் கூகுள் கோலாப் பிரவுசரிலேயே ஓடும்.

குறுவை வயல்:
நான் மேட்டூர் நீர்மட்டத்தில் தொடங்கினேன். முழு மட்டம் 120 அடி, ஜூன் 12 அன்று திறப்பார்களா என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். தினசரி நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் மூன்றையும் அட்டவணையாக்கி நாளைய மட்டத்தைக் கணிக்கச் சொன்னேன், பழைய எண்களை வைத்து அடுத்த எண்ணைக் கணிக்கும் ரிக்ரஷன் ஒரே வாரத்தில் புரிந்துவிட்டது! அப்புறம் நெல் இலைப் படங்கள், குலைநோயா இலைக்கருகலா என்று பிரிக்க. வயலில் எடுத்த படங்களில் மாடல் தடுமாறியது, ஏனென்றால் அது பார்த்துக் கற்ற பயிற்சிப் படங்களெல்லாம் வெள்ளைப் பின்னணி. அந்தத் தவறை நானே பட்டுத் தெரிந்துகொண்டதால்தான் வகுப்பில் தைரியமாகச் சொல்ல முடிந்தது.

பாமணிக்கரை மகள்:
மிக்க நன்றி. மேட்டூர்க் கணக்கை இந்த வாரமே போட்டுப் பார்க்கிறேன், சிக்கினால் இங்கேயே கேட்கிறேன்.