ஹட்டனில் இரண்டு சேர்வர்: ஒன்று விழுந்தால் தாங்குது, மற்றது விழுந்தால் எலாஸ்டிக்சர்ச் படுத்துவிடுது

டிக்கோயா_பொடியன்:
வணக்கம். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து தோட்டத்துப் பழைய காகிதங்களை ஸ்கேன் பண்ணி, தேடிப் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறோம். செக்ரோல் (தோட்டத்து வரவு, சம்பளப் பதிவு), கொழுந்துத் துண்டு (பறித்த கொழுந்தின் நிறை எழுதின சீட்டு), பிரஜாவுரிமை விண்ணப்பம் என்று யார் வீட்டு டிரங்குப் பெட்டியில் எது கிடைக்கிறதோ அது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்கூடத் தாத்தா பேரைப் போட்டுத் தேடுகிறார்கள், அதனால் தேடல் நிற்கக் கூடாது என்று ஒரே மாதிரி இரண்டு சேர்வர் வாங்கினோம். தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச் 8 என்கிற மென்பொருள், ரெப்ளிக்கா 1 (ஒவ்வொரு தரவுக்கும் மற்ற சேர்வரில் ஒரு பிரதி), ஸ்டேட்டஸ் பச்சை, அதாவது எல்லாப் பிரதியும் சரி.

போன மாதம் இரண்டாவது சேர்வரின் பவர் சப்ளை எரிந்து இரண்டு நாள் கிடந்தது. ஒன்றும் ஆகவில்லை, நாங்களும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். இந்தச் செவ்வாய் சாயந்தரம் இடி விழுந்ததில் முதலாவது போய்விட்டது. இரண்டாவதில் எல்லாத் தரவும் இருக்கிறது, தேடவும் முடிந்தது, ஆனால் புதிதாக ஒன்றையும் ஏற்ற விடவில்லை. சரி, ரீஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம் என்று பண்ணினேன், அதோடு தேடலும் போச்சு. லொக் முழுக்க 'மாஸ்டர் நொட் டிஸ்கவர்ட் ஓர் எலெக்டட் யெட்' (மாஸ்டர் இன்னும் கிடைக்கவுமில்லை, தேர்ந்தெடுக்கப்படவுமில்லை) என்றே ஓடுகிறது. அது விழுந்தபோது தாங்கியது, இது விழுந்தால் ஏன் தாங்கவில்லை?

தலவாக்கலை_லினக்ஸ்:
தம்பி, போன மாதம் நடந்தது அதிர்ஷ்டம். கிளஸ்டருக்கு, அதாவது சேர்ந்து வேலை செய்கிற சேர்வர் கூட்டத்துக்கு, அதை நடத்த ஒரு மாஸ்டர் வேண்டும், அதைத் தேர்ந்தெடுக்க வோட்டில் பாதிக்கு மேல் வேண்டும். இரண்டு பேரில் பாதிக்கு மேல் என்றால் இரண்டு பேருமே. அதனால் வோட் எண்ணிக்கை இரட்டைப்படையாக வந்தால் எலாஸ்டிக்சர்ச் தானாகவே ஒருவரை வோட்டர் லிஸ்டிலிருந்து வெளியே வைத்துவிடும். உங்களுடையதில் லிஸ்டில் இருந்தது முதலாவது சேர்வர் மட்டும். வோட் இல்லாதவன் போனபோது வலிக்கவில்லை, வோட் உள்ளவன் போனதும் கதை முடிந்தது. ரெப்ளிக்கா தரவைத்தான் காப்பாற்றும், வோட்டைக் காப்பாற்றாது. மாஸ்டர் இல்லாமலும் கொஞ்ச நேரம் தேடல் ஓடும், கடைசியாகத் தெரிந்த நிலையை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு. ரீஸ்டார்ட் பண்ணி நீங்கள் அந்த ஞாபகத்தையும் அழித்துவிட்டீர்கள்.

இப்போது அவசரப்பட்டு 'அன்சேஃப் பூட்ஸ்ட்ராப்' கட்டளையைத் தட்டாதீர்கள், அது வோட் இல்லாமலே மிஞ்சின சேர்வரை வலுக்கட்டாயமாக மாஸ்டராக்கும், தரவு போனாலும் பரவாயில்லை என்கிற நிலைக்கு. முதலாவதின் டிஸ்க் உயிரோடு இருந்தால் அதைக் கழற்றி வேறு ஒரு மெஷினில் போட்டு, அதே வெர்ஷனில், அதே பெயரிலும் ஐபியிலும் எழுப்புங்கள். பழைய நோட் (கிளஸ்டரில் இருக்கிற ஒரு சேர்வர்) திரும்பி வந்ததாகவே எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் மூன்றாவது நோட் ஒன்று போடுங்கள். பெரிய மெஷின் வேண்டாம், 4 ஜிபி மினி பிசி போதும். ரோலில் 'மாஸ்டர்', 'வோட்டிங் ஒன்லி' இரண்டையும் கொடுத்தால் வோட் மட்டும் போடும், தரவு வைக்காது, தானும் மாஸ்டராகாது. ஒரு விஷயம், செட்டிங் ஃபைலில் 'இனிஷியல் மாஸ்டர் நோட்ஸ்' வரியை மூன்றாவதில் எழுதவே வேண்டாம், மற்ற இரண்டிலும் இன்னும் கிடந்தால் தூக்கிவிடுங்கள். அது கிளஸ்டர் முதன்முதலாகப் பிறக்கும்போது மட்டும்தான். மாஸ்டராகக்கூடிய நோட் குறைந்தது எத்தனை வேண்டும் என்று நாமே எழுதுகிற 'மினிமம் மாஸ்டர் நோட்ஸ்' செட்டிங்கைப் போடச் சொல்கிற கட்டுரைகளையும் நம்பாதீர்கள், 2019இல் 7.0 வந்தபோதே அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

பண்டாரவளைக்காரி:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் செருகினால் அடுத்த இடிக்கு மூன்றும் சேர்ந்து போகும். எங்கள் இடத்தில் அப்படித்தான் நடந்தது. மூன்று மெஷின், மூன்று வோட், ஒரு யூபிஎஸ். மின்னல் கரண்ட் வயரில் வரவில்லை, கூரை மேல் ஓடிய நெட்வொர்க் கேபிளில் இறங்கி சுவிட்சைச் சுட்டது. கிட்டப்போய்ப் பார்த்தால் போர்ட் வாய் கறுத்து, பிளாஸ்டிக் உருகிய வாசம். மூன்றும் நல்லாத்தான் இருந்தன, ஒன்றோடு ஒன்று பேசத்தான் வழியில்லை. ஆளுக்கொரு யூபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கட்டடத்துக்குப் போகிற வயரை ஃபைபராக மாற்றுங்கள்.

தரவு நோட் ஒன்றைக் கொழும்பில் வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து கேபிள் அறுந்தால் கிளஸ்டரும் சேர்ந்து தள்ளாடும். கொழும்புக்கு இரவில் ஸ்னாப்ஷொட் (அந்த நேரத்துத் தரவின் தனிப் பிரதி) அனுப்புங்கள், அது போதும். யாராவது ஒரு இன்டெக்ஸை (தேடுகிற தரவுத் தொகுப்பை) தவறுதலாக அழித்தால் ரெப்ளிக்காவும் அந்த நொடியே அழிந்துவிடும், ஸ்னாப்ஷொட் மட்டும்தான் மிஞ்சும்.

டிக்கோயா_பொடியன்:
அண்ணே, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. டிஸ்க் தப்பித்தது. வேறு மெஷினில் போட்டு எழுப்பினேன், ஒரு நிமிடத்துக்குள் சிவப்பு மஞ்சளாகி, பச்சையும் ஆகிவிட்டது. மினி பிசியையும் சேர்த்துவிட்டேன். நேற்று ஒவ்வொன்றாக வயரைப் பிடுங்கிப் பார்த்தேன், எது போனாலும் தேடுது, ஏற்றவும் விடுது. இன்னொரு சந்தேகம், தமிழுக்காக ஐசியு பிளகின் (யுனிகோட் எழுத்துகளைச் சரியாகக் கையாள்கிற துணை நிரல்) போட்டிருக்கிறோம், வோட் மட்டும் போடுகிற மெஷினிலும் அது வேண்டுமா?

தலவாக்கலை_லினக்ஸ்:
வேண்டும், எல்லா நோட்டிலும் போடச் சொல்லித்தான் இருக்கிறது. போட்டதும் அந்த நோட்டை ரீஸ்டார்ட் பண்ணுங்கள், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான், பச்சை திரும்பின பிறகு அடுத்தது. பாமினி என்கிற யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் டைப் பண்ணின ஃபைல்கள் இருந்தால் ஏற்றும் முன் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள் தம்பி. இல்லாவிட்டால் முத்தையா என்று ஒரு தாத்தாவை மூன்று நோட்டும் சேர்ந்து தேடினாலும் கிடைக்க மாட்டார்.