விசைப் பின்னூட்டமா, விசைவளையமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கேரளத்துப் பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் இங்கே, ரேஸ் விளையாட்டு ஸ்டியரிங்கில் வரும் 'ஃபோர்ஸ் ஃபீட்பேக்'குக்கு 'விசைப் பின்னூட்டம்' என்ற சொல்லை ஒருவர் முன்வைத்தார். நாலு பேர் 'அருமை' என்றார்கள், நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று முடிவாகிவிட்டது. ஏற்றுவதற்கு முன் என் அக்கா மகன் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

அவனிடம் பிளேஸ்டேஷன் இருக்கிறது. நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டியபோது அவன் பிறக்கவே இல்லை, ஆனால் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் எந்த வளைவு எப்படித் திரும்பும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான். ஒரு வருடம் சேர்த்த பணத்தோடு, ரேஸ் விளையாட ஒரு ஸ்டியரிங் வாங்கப் பாலக்காட்டுக்குப் போனான். கடையில் இரண்டு பெட்டிகள். இரண்டிலும் 'ஃபீட்பேக்' என்று கொட்டை எழுத்து. ஒன்றில் மட்டும் அதற்கு முன்னால் 'வைப்ரேஷன்' என்று பொடி எழுத்து. விலை மூன்றில் ஒரு பங்கு. பையன் தயங்கியிருக்கிறான். "எல்லாம் ஒண்ணு தன்னெயா மோனே" என்று கடைக்காரர் பில் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து மாட்டினால், கார் சுவரில் மோதும்போது மட்டும் ஸ்டியரிங் 'டுர்ர்ர்' என்று நடுங்குகிறது, சைலன்ட்டில் போட்ட போன் மாதிரி. வளைவில் ஒன்றுமே இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் ஒரே மாதிரி நடுவுக்கு இழுக்கிறது. முழுசாகத் திருப்பினாலும் 270 டிகிரிக்கு மேல் போகாது.

என் மாமா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். திருச்சூர்ச் சாலையில் குதிரான் மேட்டில் சுரங்கம் திறந்தது 2021இல்தான். அதற்கு முன்னால் வாளையாறு தாண்டித் திருச்சூருக்கு லோடு ஏற்றிப் போகிறவர்கள் அந்த மேட்டை ஏறி இறங்கித்தான் ஆகவேண்டும். மழையில் அந்த இறக்கத்தில் பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை ஓட்டியவர் அவர். பையனின் ஸ்டியரிங்கை ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது வெறும் நடுக்கம் மாப்ளே. ரோடு கைக்கு வரல."

"ரோடு கைக்கு வர்றதுன்னா எப்படிங்க மாமா?"

"வளைவுல வளையம் கனமா இருக்கும். திடீர்னு இளகுச்சுன்னா, அடியில டயர் பிடியை விடுதுன்னு அர்த்தம். கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி கைக்குத் தெரியும்."

இதைவிடத் தெளிவாக இந்தச் சங்கதியை யாரும் எனக்கு விளக்கியதில்லை. முன்சக்கரம் திரும்பியிருக்கும்போது சாலை அதை நேராக்கப் பார்க்கிறது. அந்தக் கனம்தான் கையில் தெரிவது. டயர் பிடிப்பின் எல்லைக்கு வரும்போது கனம் குறையத் தொடங்கும், முழுதாக வழுக்குவதற்குச் சற்று முன்பே. நல்ல விளையாட்டுகள் இந்தக் கனத்தை விநாடிக்குப் பல தடவை கணக்குப் போட்டு, ஸ்டியரிங்குக்குள் இருக்கும் மோட்டாருக்கு 'இந்தப் பக்கம், இவ்வளவு' என்று கட்டளை அனுப்புகின்றன. நாம் பெயர் வைக்கவேண்டியது இதற்குத்தான். நடுக்கத்துக்கு 'அதிர்வு' ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 'பின்னூட்டம்' என்று எழுதினால் வாசிக்கிறவர் மனதில் வருவது வலைப்பதிவுக்குக் கீழே யாரோ எழுதிவிட்டுப் போகிற கருத்து. அந்தச் சொல் அந்த வீட்டில் குடியேறி வருடக்கணக்காகிறது, கிளப்ப முடியாது. அதைவிடப் பெரிய கோளாறு, 'அதிர்வுப் பின்னூட்டம்', 'விசைப் பின்னூட்டம்' என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், பாலக்காட்டுக் கடையில் இருந்த அதே இரண்டு பெட்டிகள்தான் திரும்ப வரும். வால் ஒன்று, தலையில் பொடி எழுத்து. ஆங்கிலத்தில் இருக்கிற குழப்பத்தை ஏன் சுமந்துகொண்டு வரவேண்டும்?

மாமா சொன்னதில் 'வளையம்' என்ற சொல்லைக் கவனித்திருப்பீர்கள். எங்கள் பக்கம் மலையாளத்தில் ஓட்டுநரை 'வளையம் பிடிக்கிறவர்' என்பார்கள். பேருந்தின் வளையம் பிடித்தார் என்று பத்திரிகையிலேயே வரும். சித்தூர் தாலூகாத் தமிழர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. 'சக்கரம்' என்றால் காருக்கு அடியில் ஏற்கெனவே நாலு உருள்கின்றன. 'திசைமாற்றி' அகராதியில் அழகாக இருக்கிறது, யார் வாயிலும் வந்து நான் கேட்டதில்லை.

சரி, வளையம் கிடைத்தது. மோட்டார் வைத்த வளையத்தை என்ன சொல்ல? கையால் நெய்தால் கைத்தறி, மோட்டார் வைத்தால் விசைத்தறி. துடுப்போ பாயோ போய் இன்ஜின் வந்தால் விசைப்படகு. விசைத்தறி ஓடும் சோமனூர்ப் பக்கம் ஒரு பாட்டியைக் கேட்டாலும் 'விசை' என்றால் என்ன என்று சொல்லிவிடுவார். அப்படியானால் மோட்டார் வைத்த வளையம் விசைவளையம். நடுங்க மட்டும் தெரிந்தது அதிர்வளையம். இரண்டும் இல்லாதது வெறும் வளையம். கடையில் போய் "இது விசைவளையமா, அதிர்வளையமா?" என்று கேட்டால், 'ஒண்ணு தன்னெ' என்று பதில் சொல்ல நாக்கு கூசும்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

—

மறு: பொள்ளாச்சியிலிருந்து

ஐயா, வளையத்தில் எனக்கு மறுப்பில்லை, அது நம் சொல்தான். ஆனால் நீங்கள் கருவிக்குப் பெயர் வைத்துவிட்டு நிகழ்வுக்குப் பெயர் வைக்காமல் நழுவிவிட்டீர்கள். கட்டுரை எழுதுகிறவனுக்கு 'இந்த விளையாட்டில் அது நன்றாக இருக்கிறது' என்று சொல்ல ஒரு 'அது' வேண்டாமா? 'எதிர்விசை' என்று வைக்கலாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்த சொல். அது வேண்டாம் என்றால் 'உணர்விசை'. வினைத்தொகை, கச்சிதம்.

—

மறு: டொராண்டோவிலிருந்து, ஊர் யாழ்ப்பாணம்

எங்கட ஊரில் ஸ்டியரிங் என்றால் சுக்கான்தான். கப்பலுக்கும் அதுதான், காருக்கும் அதுதான். என்ர மகனிட்ட இருக்கிறதை நான் விளையாட்டுச் சுக்கான் என்றுதான் சொல்லுறனான். இருக்கிற சொல்லை விட்டிட்டு ஏன் புதுசு?

—

மறு: கொழிஞ்சாம்பாறையிலிருந்து

பொள்ளாச்சி ஐயாவுக்கு முதலில். 'எதிர்விசை' எனக்கும் முதலில் பிடித்தது. அப்புறம் மருமகன் செட்டிங்ஸைத் திறந்து காட்டினான். அங்கே இந்த விசைக்கென்று ஒரு கோடு, பூஜ்யத்திலிருந்து நூறு வரை இழுக்கலாம். நியூட்டனின் எதிர்விசை தானாக வருவது, விசைக்குச் சமமாக வருவது. யாரும் அதைப் பாதியாகக் குறைத்துவைக்க முடியாது. இது குறைகிறது, கூடுகிறது, அணைத்தால் இல்லாமலே போகிறது. விளையாட்டு எழுதியவன் எவ்வளவு கொடுக்க நினைத்தானோ அவ்வளவுதான். பிள்ளைகளுக்குப் பாடத்தில் ஒரு பொருளிலும் விளையாட்டில் வேறு பொருளிலும் ஒரே சொல்லைக் கொடுத்தால் பரீட்சையில் நம்மைத்தான் திட்டுவார்கள். 'திருப்பு விசை' என்று தனி அஞ்சலில் ஒருவர் கேட்டிருந்தார். அது பதினோராம் வகுப்பில் 'டார்க்'குக்குப் போய்விட்டது. அது நமக்கும் தேவைப்படும், கீழே வருகிறேன்.

'உணர்விசை' நல்ல சொல்தான். வேகமாக வாசித்துப் பாருங்கள். உணர்வு, இசை. ஏதோ கச்சேரி நடக்கிறது என்று நினைத்துவிடுவார்கள்.

மாமாவிடமே கேட்டேன். 'இழுப்பு' என்றார். ஓட்டுநர்கள் சொல்வது அதுதான், ஆனால் எங்கள் பக்கம் 'பையனுக்கு இழுப்பு' என்றால் இன்ஹேலர் தேடுவார்கள். எனவே எழுத்துக்கு மறுவிசை என்று வைக்கிறேன். நாம் திருப்புகிறோம், அது மறுமொழியாக விசை கொடுக்கிறது. பேச்சில் அவரவர் இழுப்பு என்றே சொல்லிக்கொள்ளட்டும்.

யாழ்ப்பாணத்து நண்பருக்கு: சுக்கானோடு எனக்குச் சண்டை இல்லை. அதுவும் அரபியிலிருந்து கப்பலேறி வந்து நம்மவனாகிவிட்ட சொல். 'விசைச்சுக்கான்' என்று நீங்கள் எழுதினால் எனக்குப் புரியும். 'விசைவளையம்' என்று நான் எழுதினால் உங்களுக்குப் புரியும். பட்டியலில் இரண்டையும் போடலாம்.

இனி, சொல் நிற்குமா என்று வாங்கிப் பார்த்துச் சோதித்த கதை. அதிர்வளையத்தைக் கடைக்காரர் திரும்ப வாங்கவில்லை. கோவையில் ஒருவர் பழைய லாஜிடெக் ஜி29 என்ற விசைவளையம் விற்பதாகத் தெரிந்து, நானும் பையனும் போனோம். முதலில் பார்க்கவேண்டியது பெயர்ப்பலகை: ஜி29 பிளேஸ்டேஷனுக்கு, ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கு. இரண்டும் 2015இல் வந்தவை, அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஜி29 எக்ஸ்பாக்ஸோடு பேசாது, ஜி920 பிளேஸ்டேஷனோடு பேசாது. கணினியில் இரண்டுமே ஓடும். பின்னால் வந்த ஜி923ஐயும் பிளேஸ்டேஷனுக்கு ஒன்று, எக்ஸ்பாக்ஸுக்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் விற்கிறார்கள். வளையத்தின் அழகைப் பார்த்து வாங்கிவிட்டு வீட்டில் போய் அழுதவர்கள் உண்டு.

அடுத்தது அடாப்டர். யுஎஸ்பி ஒயர் மட்டும் இருந்து, கரண்டுக்குத் தனி அடாப்டர் இல்லையென்றால் பெரும்பாலும் அது அதிர்வளையம். கையை எதிர்த்து நிற்கிற மோட்டாருக்கு யுஎஸ்பியில் வரும் மின்சாரம் போதாது. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் பாலக்காட்டிலேயே தப்பித்திருப்போம்.

வீட்டில் மாட்டும்போது நடந்ததுதான் சுவை. வளையத்தை எதிலாவது இறுக்கிப் பொருத்தவேண்டும். பிளாஸ்டிக் மேசை கூடவே ஆடும். அத்தையின் பழைய தையல் மெஷின் மேசை கண்ணில் பட்டது. வார்ப்பிரும்புக் கால், அசையாது. பலகை விளிம்பில் கிளாம்பைத் திருகி, அடாப்டரைச் செருகி, சுவிட்சைப் போட்டோம். யாரும் தொடவில்லை. வளையம் தானாக இடப்பக்கம் கடைசி வரை சுற்றியது, பிறகு வலப்பக்கம் கடைசி வரை சுற்றியது, நடுவில் வந்து நின்றது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை முறத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். "சாமி வந்த மாதிரி சுத்துது, கழட்டுங்கடா!"

அது தன் எல்லையைத் தானே அளந்துகொள்கிற சடங்கு. பழைய பொருள் வாங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. சுவிட்சைப் போட்டுவிட்டுக் கையை எடுங்கள். தானாகச் சுற்றினால் அது விசைவளையம்தான்.

ஜி29 முழுதாகத் திரும்புவது 900 டிகிரி, அதாவது இரண்டரைச் சுற்று. உள்ளே பற்சக்கரங்கள். மெதுவாகத் திருப்பினால் பல் பல்லாக உரசுவது விரலுக்குத் தெரியும், ராத்திரியில் 'கடகட' சத்தமும் கேட்கும். இதைப் பற்சக்கர விசைவளையம் எனலாம். த்ரஸ்ட்மாஸ்டர் டி300 போன்றவற்றில் பெல்ட். இழுப்பு வழவழப்பாக வரும். பட்டை விசைவளையம். மோட்டாரின் அச்சிலேயே வளையத்தை மாட்டிவிடுவது மூன்றாவது வகை, நேரடி விசைவளையம். 2021இல் வந்த ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி இந்த வகை, அடிப்படையில் 5 நியூட்டன் மீட்டர், பெரிய அடாப்டர் போட்டால் 8. ஜி29 ஏறத்தாழ 2தான். வளையம் எவ்வளவு பலமாகச் சுற்றித் திருப்பும் என்று சொல்கிற இந்த எண்ணுக்குத்தான் திருப்பு விசை என்ற சொல் வேண்டும். எண் ஏற ஏறக் கட்டைவிரலை வளையத்தின் கம்பிக்குள் கொடுத்துப் பிடிக்கக்கூடாது. சுவரில் மோதினால் கம்பி விரலில் அடிக்கும்.

எங்கள் வீட்டுக்கு 2 போதும் என்று தோன்றியது. மாமா உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டினார். மூன்றாவது வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். திரையில் கார் இன்னும் வழுக்கவே இல்லை.

"ஏன் மாமா எடுத்தீங்க?"

"இளகுச்சு."

அடுத்த நொடியில்தான் டயர் கிறீச்சிட்டது. கனம்தான் போதவில்லை என்றார், லாரியில் இதைப்போல மூன்று மடங்கு இருக்குமாம்.

பெடலைப் பற்றி ஒரு வார்த்தை. மொசைக் தரையில் பிரேக்கை மிதித்தால் மொத்தமும் பின்னால் நழுவிப் போகிறது, சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறோம். விலை கூடிய பெடல்களில் 'லோடு செல்' என்று ஒன்று வருகிறது. கால் எவ்வளவு தூரம் போனது என்று பார்க்காமல் எவ்வளவு அழுத்தியது என்று அளக்கும். லாரியை ஏற்றி நிறுத்துகிற எடைமேடையின் அடியில் இருப்பதும் அந்த ஜாதிதான். அதற்குச் 'சுமையுணரி' என்று யாரோ முன்பு எழுதிய நினைவு. காலின் அழுத்தத்தைச் சுமை என்பதா என்று எனக்கு உறுத்துகிறது. வேண்டுமானால் பொள்ளாச்சி ஐயா தனி இழை தொடங்கட்டும்.

எனக்கு இந்த வாரம் வேறு வேலை இருக்கிறது. ஆசாரியிடம் சொல்லி வளையத்துக்கென்று ஒரு மேசை அடிக்கவேண்டும். அத்தை தையல் மெஷினைத் திரும்பக் கேட்கிறார்.