காலை 9 மணிக்கு மட்டும் மூடில் பாடம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, யாராவது உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். ஒரு மருத்துவமனையில் செவிலியர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பில் இருக்கிறேன். கணினி படித்தவள் இல்லை, மூடில் (Moodle) என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் பாடம் ஏற்றவும் வினாத்தாள் போடவும் தெரியும், அவ்வளவுதான். தொற்றுக் கட்டுப்பாடு பாடத்தில் 12 நிமிட வீடியோ ஒன்று இருக்கிறது. நைட் டூட்டி முடித்துவிட்டு வருகிற 30 பேர் காலை 9 மணிக்குப் பயிற்சி அறையில் ஆளுக்கொரு லேப்டாப்பில் அதைப் பார்த்து முடித்தால்தான் வீட்டுக்குப் போக முடியும். லாகின் பக்கம் திறக்கவே 20 விநாடி ஆகிறது, அப்புறம் வீடியோ ஒரு நிமிடத்துக்கு மேல் சுற்றுகிறது, ஓடத் தொடங்கினாலும் விரல்களைக் கோத்துத் தேய்க்கிற இடத்தில் நிற்கும், மணிக்கட்டு வரும்போது மறுபடி நிற்கும். கை கழுவ 40 முதல் 60 விநாடிதான் ஆகும், அந்தப் பகுதி ஓடி முடிக்க நேற்று நாலு நிமிடம் ஆனது. ஒரு பெண் மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள், எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பிரவுசர் மாற்றினேன், அது சேமித்து வைத்திருந்த கேஷை (cache) அழித்தேன், ரூட்டரை அணைத்துப் போட்டேன். இணைப்பின் வேகம் 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்), ஸ்பீட் டெஸ்டில் 94 காட்டுகிறது. இரவு எட்டு மணிக்கு வீட்டில் திறந்தால் எந்தச் சிக்கலும் இல்லை.

பதில் 1:
300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறிவிடுங்கள் மேடம், 30 பேருக்கு 100 போதாது.

பதில் 2:
மேடம், பணம் கட்டுவதற்கு முன் ஒரு விஷயம் பாருங்கள். நாளை 9 மணிக்கு, அதே அறையில், எல்லோரும் உள்ளே வரும் நேரத்தில் குரோமில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் என்ற இடத்துக்குப் போய்ப் பக்கத்தைத் திறங்கள். ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு சின்னப் பட்டை வரும். அதன் மேல் மவுஸை வைத்தால், சர்வர் பதில் சொல்லக் காத்திருந்த நேரம் பச்சையிலும், தரவு இறங்கிய நேரம் நீலத்திலும் தனித்தனியாகத் தெரியும். பச்சை நீளமாக இருந்தால் சர்வரில் ஏதோ தாமதம், உங்கள் இணைப்பை எவ்வளவு கூட்டினாலும் அது போகாது. நீலம் நீளமாக இருந்தால் ஃபைல் பெரிது, அல்லது வழி குறுகல். இன்னொன்று, மறுபடி கேஷ் அழிக்காதீர்கள். ஏற்கெனவே இறங்கிய படங்களையும் ஸ்கிரிப்ட்களையும் 30 லேப்டாப்பும் திரும்ப இறக்கும், நிலைமை இன்னும் மோசமாகும்.

கேட்டவர்:
பார்த்தேன் சார். லாகின் பக்கத்துக்குப் பச்சை 17 விநாடி, நீலம் ஒரு விநாடிகூட இல்லை. வீடியோவுக்கு நேர்மாறு, பச்சை அரை விநாடி, நீலம் முடியவே இல்லை. 11 மணிக்கு நான் மட்டும் திறந்தபோது லாகின் ஒரு விநாடிக்குள் வந்துவிட்டது. வீடியோ ஃபைல் 420 எம்பி, எங்கள் வார்டிலேயே போனில் எடுத்தது.

பதில் 2:
நல்ல வேலை செய்தீர்கள், இதில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன.

முதலில் வீடியோ. ஒரு பைட்டுக்கு எட்டு பிட், அதனால் 420 எம்பியை (மெகாபைட்டை) எட்டால் பெருக்கி, 12 நிமிடத்துக்கான 720 விநாடியால் வகுத்தால் ஏறக்குறைய 4.7 எம்பிபிஎஸ். 30 பேர் சேர்ந்து பார்த்தால் 140. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அது எப்படியும் நுழையாது. 300க்கு மாறச் சொன்ன நண்பரின் கணக்கு தவறில்லை, ஆனால் கை கழுவுவதைக் காட்ட 420 எம்பி தேவையே இல்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 720பி என்ற படத் தெளிவு அளவுக்குக் குறையுங்கள், வெப் ஆப்டிமைஸ்டு என்ற கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். எம்பி4 ஃபைலுக்குள் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒன்று உண்டு. பல போன்கள் அதைக் கடைசியில் எழுதுகின்றன. அதனால் பிரவுசர் ஃபைலின் வால்பக்கம் போய் அதை எடுத்த பிறகே படத்தைத் தொடங்க முடியும். அந்த டிக் அட்டவணையை முன்னால் கொண்டுவந்துவிடும்.

அடுத்தது லாகின். ஹோஸ்டிங் தருபவரிடம், அதாவது உங்கள் மூடிலுக்குச் சர்வர் தருபவரிடம், பேக்கப் (தரவை நகலெடுக்கும் வேலை) எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று கேளுங்கள், அது ஓடும் நேரத்தில் சர்வர் மெதுவாகலாம், சர்வரின் கடிகாரம் எந்த நேர மண்டலம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதில் 3:
ஸ்பீட் டெஸ்ட் எந்த இடத்தில் எடுத்தீர்கள்? ரூட்டர் பக்கத்தில் கேபிளில் எடுத்திருந்தால் அந்த 94 அறைக்குள் வராது. 30 லேப்டாப்பும் ஒரே வைஃபை பெட்டியில், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்தால் நெரிசல்தான். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று, பக்கத்து வார்டுகளின் வைஃபையும் அதே மூன்றில்தான் இருக்கும். முடிந்தவரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

கேட்டவர்:
ஐந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், டூட்டி விடவில்லை.

பேக்கப் சரியாக அதிகாலை 3:30க்கு வைத்திருப்பதாக ஹோஸ்டிங்கில் சொன்னார்கள். சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது, நமக்கு அது காலை 9 மணி! யுடிசி 20:30க்கு, அதாவது நம் நேரம் நள்ளிரவு 2 மணிக்கு மாற்றித் தந்தார்கள். வீடியோவைக் குறைத்ததில் 68 எம்பி ஆனது. கறையும் நகக்கண்ணும் முன்பு போலவே தெளிவாகத் தெரிகின்றன, நான் பயந்தது அதற்குத்தான். நீங்கள் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன், 30 பேருக்கும் சேர்த்து 23 எம்பிபிஎஸ்கூட வரவில்லை.

இன்று லாகின் இரண்டு விநாடி, வீடியோ அமுக்கியதும் ஓடியது. வைஃபை பற்றிச் சொன்னதும் சரிதான், ஸ்பீட் டெஸ்ட் ரூட்டர் பக்கத்தில் கேபிளில்தான் எடுத்தேன். பின்வரிசையில் இரண்டு லேப்டாப்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன, இரண்டுமே பழையவை, 5 கிகாஹெர்ட்ஸே காட்டவில்லை. அவற்றுக்குக் கேபிள் இழுக்கச் சொல்லியிருக்கிறேன். மற்ற 28 பேரும் வினாத்தாளை முடித்துவிட்டு 9:40க்கெல்லாம் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.