இசுசு இன்ஜின் ஏற்றிய அம்பாசிடர்: உங்களை இன்னும் விடாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கைகியர்:

அப்பாவின் 1968 மார்க் 2 அம்பாசிடர். சிலிண்டரை இன்னொரு முறை குடைந்து அகலமாக்க (போர் அடிக்க) முடியாது, உள்ளே புது உறை (ஸ்லீவ்) போட்டால் ஓடும் என்று பட்டறையில் சொன்னார்கள். எனக்குப் பொறுமை இல்லை. அடிபட்ட கான்டெசா கார் ஒன்றிலிருந்து 1.8 இசுசு பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் கிடைத்தன. ஏற்றிவிட்டோம். 1489 சிசி இருந்த இடத்தில் 1817 சிசி. மவுண்டிங், ஷாஃப்ட், சைலன்சர் வேலையெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், விடுகிறேன்.

வண்டி தயாரான அன்று அப்பாவைத்தான் முதலில் உட்கார வைத்தேன். ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்து ஆக்சிலேட்டரை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு கிளட்சை மிதித்தார். இடது கை தானாக எழுந்து ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் போனது. அங்கே இருந்த கியர் கம்பி இப்போது இல்லை. விரல்கள் மட்டும் அதைப் பிடிப்பது போல மடங்கின. முப்பது வருஷம் பழகிய கை அப்படியே காற்றில் நின்றது. பிறகு குனிந்து தரையில் இருந்த கியரைப் பார்த்து, "ஓ, இங்க வந்துடுச்சா" என்றார்.

நன்றாகத்தான் ஓட்டினார். "நல்லா இழுக்குதுப்பா" என்றும் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் ஒருநாளும் சாவி கேட்கவில்லை. நானே கொடுத்தால் முழங்கால் வலி என்கிறார். பழைய இன்ஜின் அந்த வாரமே காயலான் கடைக்குப் போய்விட்டது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மலைவளைவு:

என்னுடையது டீசல், 1995 சிசி இசுசு. கொல்லிமலை, இறங்கும்போது. அங்கே 70 கொண்டை ஊசி வளைவு என்று எல்லோருக்கும் தெரியும். ஏறும்போது வண்டி இழுத்த இழுவையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய இன்ஜினில் முதல் கியருக்கு வந்து முனகும் இடமெல்லாம் இரண்டாவதிலேயே ஏறியது. அதே தைரியத்தில் இறங்கினேன். பிரேக் மட்டும் நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக்தான்.

பாதி இறங்கியதும் பிரேக் லைனிங் கருகும் வாசம். முன்னால் போகும் லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பெடல் கல் மாதிரி இருந்தது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி பிடிக்கவில்லை. பின்சீட்டில் இருந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் கை நடுங்குவது என் கழுத்தில் தெரிந்தது. முதல் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் இருந்த மண்ணில் இடது சக்கரங்களை இறக்கித்தான் நிறுத்தினேன். டிரம்மிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

பிறகு முன்னால் டிஸ்க் பிரேக், மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டர் எல்லாம் போட்டாயிற்று. இப்போதும் இறக்கம் வந்தால் காலர் இறுகுவது போல இருக்கும்.

டார்ஷன்பார்:

மலைவளைவு சார், நல்லபடியாக வந்து சேர்ந்தீர்கள், அது போதும். ஆனால் இதை இன்ஜின் மாற்றியதன் கணக்கில் எழுத வேண்டாம். தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பழைய 1489 சிசி வண்டியிலும் டிரம் சூடேறி இதேதான் நடக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று சும்மா சொல்லவில்லை.

என் அனுபவம் சின்னது. முதல் ஓட்டத்தில் 60 கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் தரை முழுவதும் அதிர்ந்து, டாஷ்போர்டில் வைத்திருந்த பிள்ளையார் நகர்ந்து நகர்ந்து என் மடியில் விழுந்தார். கியர்பாக்ஸ் இருந்த கோணமும், அதிலிருந்து வரும் ஷாஃப்ட் பின் ஆக்சிலில் சேரும் பினியன் (பற்சக்கரம்) இருந்த கோணமும் ஒத்துப்போகவில்லை. அவ்வளவுதான்.

புதிதாகச் செய்பவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜின் உள்ளே உட்கார்ந்துவிட்டது என்பதற்காக வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கியர்பாக்ஸின் வெளிமுனையும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஷாஃப்டை எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் அதிர்வு போகாது, குறுக்கு ஜாயின்ட்தான் தேயும். அடுத்தது எடை. டீசல் ஏற்றினால் முன்பக்கம் தாழும். அம்பாசிடரில் முன்னால் ஸ்பிரிங்காக வேலை செய்வது முறுக்கு வாங்கும் கம்பி, அதாவது டார்ஷன் பார் என்பதால் உயரத்தைச் சரிசெய்து கொள்ளலாம், ஆனால் சரிசெய்த பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்காமல் விடக் கூடாது. அப்புறம் டீசலில் பொதுவாக காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வால்வு கிடையாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் காற்று தடையில்லாமல் உள்ளே போகும். அதனால் பெட்ரோல் இன்ஜின் பிடிப்பது போல அது இறக்கத்தில் வண்டியைப் பிடிக்காது. அதே காரணத்தால் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவமும் (வெற்றிடமும்) தானாகக் கிடைக்காது, தனி பம்ப் வேண்டும். பல வண்டிகளில் அது ஆல்டர்நேட்டரின் முதுகிலேயே இருக்கும், அதற்கு ஆயில் போகும் குழாய் உண்டு. அந்தக் குழாயை மாதம் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். கசிவு இருந்தால் ஆயிலும் போகும், பிரேக்கும் போகும்.

அம்பாசிடரைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே பிற்பாடு இதே 1.8 இசுசுவை அம்பாசிடரில் வைத்து 1800 ஐஎஸ்ஜெட் என்று விற்றது. ஆக, இந்த உடம்புக்கு அந்த இன்ஜின் ஆகாது என்று யாரும் சொல்ல முடியாது. கைகியர் தம்பி, நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

பென்சில்பிரிண்ட்:

டார்ஷன்பார் அண்ணே, கம்பெனி செய்ததும் நாம் பட்டறையில் செய்வதும் ஒன்றா? கம்பெனி விற்ற வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் அந்த இன்ஜின்தான் எழுதியிருக்கும். நம்முடையதில் எழுதியிருக்காது. நான் அனுபவித்தவன்.

வாங்கும்போதே இன்ஜின் மாற்றிய வண்டி. விற்றவர் சொல்லவில்லை, எனக்கும் அப்போது பானெட்டைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரியாது. பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுபோனேன். ஆய்வாளர் சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்தார், சரியாக இருந்தது. பிறகு ஒரு துணியை வாங்கி இன்ஜின் பிளாக்கில் இருந்த கிரீஸைத் துடைத்தார். மெதுவாக, மூன்று நான்கு முறை. எண் தெரிந்ததும் ஆர்.சி.யைப் பார்த்தார், மறுபடி பிளாக்கைப் பார்த்தார். திட்டவில்லை, குரலும் உயர்த்தவில்லை. "இது உங்க வண்டியா?" என்று மட்டும் கேட்டார். ஆறு வருஷம் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி. ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52. ஆர்.சி.யில் இருக்கும் விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. இன்ஜினை மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக மாற்றுவது செல்லாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

இன்னொன்று, கைகியருக்கு. 50 வருஷம் தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் விதி வந்தது. நம்பர் பிளேட்டில் விஏ என்று வரும். ஆனால் வண்டி ஒரிஜினலாக இருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ மாற்றம் இருக்கக் கூடாது. 1968 வண்டிக்கு வயசு தாராளமாக இருக்கிறது, இன்ஜின்தான் இல்லை. அதைக் காயலான் கடையில் போட்டதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மூலையில் ஒரு சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தால் என்ன?

டப்பெட்:

நான் இசுசு ஏற்றி எட்டு மாதத்தில் இறக்கிவிட்டேன். வண்டியில் குறை ஒன்றும் இல்லை. காலையில் பழைய இன்ஜினைச் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தால் வால்வைத் தள்ளும் டப்பெட்டின் சத்தம் டிக்டிக்கென்று கொஞ்ச நேரம் கேட்கும், சூடானதும் அடங்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் எங்கள் நாய் வாசலுக்கு ஓடி வரும். இசுசு போட்ட பிறகு வரவில்லை. மறுபடி பழையதை ஏற்றிய அன்று, கேட்டைத் திறப்பதற்குள் வந்து நின்றது.

கைகியர்:

பென்சில்பிரிண்ட் சார், நீங்கள் கேட்டது நியாயம். பதில் இல்லை. அந்தக் கடைக்குப் போய் விசாரித்தேன். பிளாக்கை எப்போதோ உடைத்து உருக்க அனுப்பிவிட்டார்களாம்.

டார்ஷன்பார் அண்ணே, தப்பில்லை என்று சொன்னதற்கு நன்றி. ஆனால் அப்பா கை அந்தரத்தில் நின்றதைப் பார்த்தது நான்தான்.

பட்டறையில் கேட்டதில் ஒரு விஷயம் தெரிந்தது. கழற்றிய கைகியர் கம்பியை மட்டும் அவர்கள் காயலான் கடையில் போடவில்லை, பழைய சாமான் பெட்டியில் கிடந்தது. நேற்று வாங்கி வந்தேன். குமிழ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, அவர் உள்ளங்கை படும் இடத்தில் பளபளவென்று இருக்கிறது. திண்ணையில் வைத்திருந்தேன். அப்பா எடுத்துப் பார்த்தார். "அந்த கியர்பாக்ஸும் 1489 பிளாக்கும் எங்கயாவது கிடைக்குமா, விசாரிச்சுப் பாரேன்" என்றார்.

மார்க் 2-க்குப் பொருந்தும் பழைய கைகியர் பெட்டி, லிங்கேஜோடு (இணைப்புக் கம்பிகளோடு), யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பிளாக் எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லை, ஸ்லீவ் போட்டுக்கொள்கிறேன். இன்ஜின் எண் மாறுவதால் இந்த முறை முதலில் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன்.