போகும் வழியில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்று எங்கே வாங்குவது?

மூக்கையூர்க்காரி
வணக்கம். 2024 ஆவணியில் என் தங்கச்சிக்கு நடுச்சாமத்தில் வலி வந்துவிட்டது. தெரிந்தவர் காரில் ராமநாதபுரம் கிளம்பினோம். ஏர்வாடி தாண்டியதும் காருக்குள்ளேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. வழியில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்தி, அங்கேதான் தொப்புள்கொடி அறுத்தார்கள். அப்புறம் தாயையும் பிள்ளையையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில், "இங்கே பிறக்கவில்லை, நாங்கள் பதிய முடியாது" என்றார்கள். எங்கள் ஊர் வி.ஏ.ஓ.வும் "இந்த ஊரில் பிறக்கவில்லையே" என்று சொல்லிவிட்டார். தங்கச்சி வீட்டுக்காரர் கொல்லம் பக்கம் விசைப்படகில் வேலை பார்க்கிறார், அலைய ஆள் இல்லை. வருஷமும் தாண்டிவிட்டது. 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்க, பாஸ்போர்ட் எடுக்க எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றுதான் என்கிறார்கள். பிள்ளை பிறந்ததை இத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதை எழுதிக்கொள்ள மட்டும் ஒருவரும் இல்லையா? யாரிடம் போக வேண்டும்?

பழைய வி.ஏ.ஓ.
அம்மா, இதற்கு விதி இருக்கிறது. ஓடுகிற வண்டியில் பிள்ளை பிறந்தால், வண்டி முதலில் நின்ற இடத்தில் பதிய வேண்டும். தகவல் சொல்ல வேண்டியவர் வண்டிக்குப் பொறுப்பானவர். அதனால் உங்கள் ஊருமில்லை, பெரிய ஆஸ்பத்திரியுமில்லை. அந்த ஆரம்ப சுகாதார நிலையம் எந்த எல்லையில் இருக்கிறதோ, அங்குள்ள பதிவாளர்தான்.

21 நாளுக்குள் போயிருந்தால் ஒரு பைசா செலவில்லை. ஒரு வருஷம் தாண்டியதால் இப்போது கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். முதலில் பதிவாளரிடம் 'பதிவு இல்லை' என்று எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாமல் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு நகராது. அதோடு தாயின் பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்), தடுப்பூசி அட்டை, அந்த இரவு சுகாதார நிலையப் பதிவேட்டில் எழுதிய பக்கத்தின் நகல், கார் ஓட்டியவரின் வாக்குமூலம் எல்லாம் வையுங்கள்.

இன்னொன்று. கார் நின்ற இடம் கீழக்கரை தாலுகா என்றால் ராமநாதபுரம் கோட்டம். கடலாடி தாலுகா என்றால் பரமக்குடி கோட்டம். இதைத் தெரிந்துகொண்டு பஸ் ஏறுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் பலர் தப்பான ஊருக்குப் போய் ஒரு நாள் கூலியை இழந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஊர் எந்தக் கோட்டம் என்று சுகாதார நிலையச் சுவரில் எழுதிப்போட என்ன செலவாகிவிடும்?

தொண்டி செவிலி
அக்கா, பதியும்போதே பெயரையும் சேர்த்துவிடுங்கள். எங்கள் பக்கம் பதிவு ஒழுங்காக நடக்கிறது, பெயர்க் கட்டம்தான் காலியாகக் கிடக்கிறது. பெயர் வைப்பதற்குள் சான்று அச்சாகிவிடும், பிறகு யாரும் திரும்பிப் போவதில்லை. பதிந்த 12 மாதத்துக்குள் இலவசமாகவே பெயர் சேர்க்கலாம். அதற்கப்புறம் 15 வருஷம் வரை கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். இது தெரியாமல் பள்ளியில் சேர்க்கும் வாரத்தில் ஓடிவருகிறார்கள்.

ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் இல்லையா? அன்றைக்கே சான்றையும் கொண்டுவரச் சொல்லி, பெயர் இல்லாவிட்டால் அங்கேயே மனு வாங்கிவிடலாம். ஊசிக்கு ஆட்கள் எப்படியும் வருவார்கள். நான் கூட்டத்துக்குக் கூட்டம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், விடப்போவதில்லை.

மூக்கையூர்க்காரி
ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். அன்று பிள்ளையை வாங்கிய நர்ஸம்மா நேரத்தைக்கூடப் பதிவேட்டில் குறித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திங்கட்கிழமை அந்தப் பக்கத்தின் நகல் கேட்கப் போகிறேன். கோவிலில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று. எதைக் கொடுப்பது?

தொண்டி செவிலி
பள்ளியில் எதைச் சொல்லிக் கூப்பிடப் போகிறீர்களோ அதையே கொடுங்கள். அப்பா பெயரை அவர் ஆதாரில் இருக்கிற எழுத்துப்படியே எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.