தண்டுவட பாதிப்போட தனியா வீடு எடுத்து தங்கியிருக்கீங்களா யாராவது?

தேனிப்பொண்ணு:
வணக்கம். வயசு 27, டி10 லெவல் பாதிப்பு (தண்டுவடத்துல முதுகு பக்கம் அடி, தொப்புளுக்குக் கீழ அசைவு இல்ல), காலேஜ் படிக்கிறப்ப ஆக்ஸிடென்ட், அதுலருந்து வீல்சேர்தான். இப்ப கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் வேலை கிடைச்சிருக்கு, ஆபீஸுக்கு நேர்ல போகணும். வீட்டுல ஒத்துக்கவே மாட்டேங்குறாங்க. அம்மா என்னன்னா நான்தான உன்னைய தூக்கி பாத்ரூம்ல உக்கார வைக்கிறேன், அங்க எவ செய்வா, நான் இருக்கிற வரைக்கும் இங்கயே இரு, சம்பாதிச்சு யாருக்கு கொட்டப்போறங்குறாங்க. அப்பா அதுக்கு மேல, என் ஏடிஎம் கார்டே அவர்கிட்டத்தான் இருக்கு, உதவித்தொகை ஏறுச்சான்னு அவர் சொன்னாத்தான் தெரியும். ஹாஸ்டல்ல கேட்டா துணைக்கு ஆள் இருந்தா வாங்கங்குறாங்க. வீட்டு ஓனருங்க போன்ல நல்லாத்தான் பேசுறாங்க, வீல்சேர்னு சொன்ன உடனே வேற பார்ட்டி அட்வான்ஸ் குடுத்துட்டாங்களாம்.

உண்மையிலயே தனியா இருக்கிறவங்க சொல்லுங்க, ஆள் எப்படி வைக்கிறது, சட்டத்துல எனக்குன்னு எதாச்சும் இருக்கா? தன்னம்பிக்கை வீடியோ மட்டும் அனுப்பாதீங்க ப்ளீஸ்.

சி6_தென்காசி:
தங்கச்சி, நான் சி6, கழுத்துப் பக்கம் தண்டுவடத்துல அடி, விரல் எதுவும் வேலை செய்யாது, தனியாத்தான் இருக்கேன். முதல்ல ஒண்ணு கேக்கேன், அம்மா எதுக்கு உங்கள தூக்குதாங்க? டி10ன்னா கை ரெண்டும் முழு பலம்லா. கட்டில்லருந்து சேருக்கு, சேர்லருந்து கமோடுக்கு நீங்களே மாறலாம், யூரின் எடுக்குத சிஐசி ட்யூபும் நீங்களே போட்டுக்கிடலாம். அப்புறமும் தூக்குதாங்கன்னா உங்க வீட்டு பாத்ரூம்ல சேர் நுழையலன்னு அர்த்தம். ரெண்டரை அடி கதவும்பான், நிலைக்கட்டைய கழிச்சு தொறந்த கதவோட தடிமனையும் கழிச்சா 26 இஞ்ச் தேறுனா பெருசு, சேரோட வெளி அகலமே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். பத்தாததுக்கு தண்ணி வெளிய வரக்கூடாதுன்னு வாசல்ல ஒரு திண்டு வேற கட்டி வச்சிருப்பான். உங்களுக்கு முதல்ல வேண்டியது நல்ல பாத்ரூம், ஆள் அப்புறம். வீடு பாக்க யாரு போனாலும் இஞ்ச் டேப்போட போகச் சொல்லுங்க.

சேர் மாறுறது இன்னும் சரியா வரலன்னா ரீஹாப்ல, அதான் மறுவாழ்வு பயிற்சி மையத்துல சேந்து பழகிட்டு வேலைக்கு போங்க. வேலூர் சிஎம்சில 1966லருந்து இருக்கு, அத ஆரம்பிச்ச டாக்டர் மேரி வர்கீஸே 1954ல ஆக்ஸிடென்ட்ல கால் ரெண்டும் செயலிழந்து போயி, வீல்சேர்ல உக்காந்தே ஆபரேஷன் பண்ணவங்க. எங்க பக்கம் ஆய்க்குடில அமர் சேவா சங்கம், 1981ல அத ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் சாருக்கும் கழுத்துக்குக் கீழ அசைவு கிடையாது.

ஆள் விஷயம், நான் காலையில ஒருத்தரு ராத்திரி ஒருத்தருன்னு வச்சிருக்கேன். ஒரே ஆளை நம்பி இருந்தா அவரு கோயில் கொடைக்கு ஊருக்கு போற அன்னைக்கு நாம கட்டில்லயே கெடக்கணும். ஏஜென்சில கேட்டா யூனிஃபார்ம் போட்டு அனுப்புவான், அவுக வந்து நாம எப்ப குளிக்கணும்னு நமக்கு டைம் சொல்லுவாக. சம்பளம் குடுக்கது நாமன்னா டைம் சொல்லுததும் நாமதான், அத முதல் நாளே பேசிரணும்.

திருச்சி_அம்மா:
கோவிச்சுக்காத கண்ணு, உங்க அம்மா பக்கம் பேசவும் ஒரு ஆள் வேணும்ல. என் பையனுக்கு சிபி, அதான் மூளை வாதம், 31 வயசு. டேப்பு கதவு எல்லாம் சரி, நடுராத்திரி யூரின் இன்ஃபெக்‌ஷன்ல குளிர் ஜுரம் வந்து நடுங்குனா யாரு வருவா? தம்பி ரெண்டு ஆள் வச்சிருக்கேங்குறாரு, அவருக்கு வசதி இருக்கு. கவர்மென்ட் குடுக்குறது மாசம் 2000, அதிக உதவி தேவைன்னு சர்டிபிகேட் வாங்கினா மேல ஒரு 1000, அதுல வீடு கூட்ட கூட ஆள் வராது. மிச்சத்தை எல்லாம் யாரு முதுகு தாங்குது? எனக்கு டிஸ்க் போயி வருஷக்கணக்காச்சு, அதுக்கு எந்த ஸ்கீமும் இல்ல.

செல்வி_வக்கீல்:
திருச்சி அம்மா, நீங்க சொல்றதுதான் எங்க சங்கமும் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்து சொல்றது. ஆள் வைக்க காசு குடுக்காம தனியா வாழ உரிமை இருக்குன்னு மட்டும் எழுதி வச்சா அது அம்மாங்க தலையிலதான் விடியும்.

தங்கச்சிக்கு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 5 படிச்சுப் பாரு. இங்கதான் இருக்கணும் இவங்க கூடத்தான் இருக்கணும்னு உனக்கு கட்டாயம் இல்லாதபடி அரசாங்கம் முயற்சி எடுக்கணும்னு இருக்கு, உதவியாளர் சேவையும் அதே பிரிவுலதான் வருது. 2007லயே நாம கையெழுத்துப் போட்டு ஏத்துக்கிட்ட ஐ.நா. ஒப்பந்தத்துல 19வது ஷரத்துதான் அதுக்கு மூலம். பிரிவு 13, உன் பணம் உன் கையில. அப்பாகிட்ட சண்டை போட வேணாம், பேங்க்ல போயி புது கார்டு கேட்டு உன் நம்பருக்கு மெசேஜ் வர்ற மாதிரி மாத்து, அவ்வளவுதான். பிரிவு 21, பிரைவேட் கம்பெனியா இருந்தாலும் சம வாய்ப்புக் கொள்கை வச்சிருக்கணும், ஜாயின் பண்றதுக்கு முன்னாடியே மெயில்ல கேளு, டாய்லெட் போட்டோவும் சேத்துக் கேளு. 38வது பிரிவுல அதிக உதவி தேவைன்னு மனு போடலாம், ஆனா டி10க்கு போர்டு என்ன சொல்லும்னு போனாத்தான் தெரியும்.

ஓனர் விஷயத்துல பொய் சொல்ல விரும்பல, வீடு தரமாட்டேங்குற ஆளை நேரா பிடிக்க இந்த சட்டத்துல பல்லு இல்ல. அமெரிக்காவுல பெர்க்லில எட் ராபர்ட்ஸ்னு போலியோ வந்தவர், ராத்திரி இரும்பு நுரையீரல் மெஷின்ல படுத்தாத்தான் மூச்சு, 1962ல காலேஜ் சேந்தப்ப தங்க இடம் இல்லாம கேம்பஸ் ஆஸ்பத்திரில தங்க வச்சாங்க. அவரும் கூட்டாளிகளும் 1972ல ஆரம்பிச்ச சென்டர்ல செஞ்ச வேலை என்னன்னா வீடு தேடிக் குடுக்குறது, ஆள் தேடிக் குடுக்குறது, வீல்சேர் ரிப்பேர். நம்ம ஊர்ல இத இன்னும் வாட்ஸ்அப் குரூப்புலதான் ஓட்டிக்கிட்டு இருக்கோம். கோவை குரூப்ல உன்னை சேத்து விடுறேன், உள்பெட்டிக்கு வா.

சி6_தென்காசி:
திருச்சி அம்மா, வசதி எல்லாம் இல்லம்மா, டியூஷன் எடுக்கேன், பாதி அவங்களுக்கே போகுது. காய்ச்சல் நானும் பட்டிருக்கேன். கீழ் வீட்டு அக்காகிட்ட ஒரு சாவி, ஆட்டோக்காரர் நம்பர் ஒண்ணு, மாத்திரை சீட்டு சேர் பின்னாடி பையில. அம்மா கூட இருந்தப்பவும் ஆஸ்பத்திரிக்கு அதே ஆட்டோலதான் போனேன்.

தேனிப்பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. அம்மாகிட்ட சொல்லாம பாத்ரூம் கதவை அளந்தேன் அண்ணே, 24 இஞ்ச்தான், சேர் 25. கோயம்புத்தூர்ல தரைத்தளத்துல ஒரு வீட்டு போட்டோ வந்துச்சு, அங்கயும் 24தான், ஆனா திண்டு இல்ல. ஓனரம்மா சம்மதிக்கிறாங்க, கதவை மட்டும் உடைக்கக்கூடாதாம்.

சி6_தென்காசி:
உடைக்க வேண்டாம். கீல் ஸ்க்ரூவ கழட்டி கதவை பரண்ல போட்டுட்டு ஸ்க்ரீன் தொங்க விடுங்க, ஒரு இஞ்ச் ஒன்றரை இஞ்ச் கிடைக்கும், காலி பண்றப்ப திரும்ப மாட்டிக் குடுத்துரலாம். அதுவும் இடிக்குன்னா பாத்ரூமுக்குன்னு சின்ன சக்கரம் வச்ச கமோட் சேர் ஒண்ணு தனியா வாங்குங்க, 21, 22 இஞ்ச்ல கிடைக்கும். வாங்குறதுக்கு முன்னாடி பிரேக் ரெண்டும் பிடிக்கான்னு பாத்துக்கோங்க, ஈர டைல்ஸ்ல வழுக்கும்.