கையெழுத்துப் போட்டது கிரயமா, குத்தகையா?

ஆராய்ச்சிக் கட்டுரை போட்டு, பொறவு பதிப்புரிமை விஷயத்துல முழிச்சவங்க உங்க கதையையும் எழுதுங்க. முதல்ல என்னோடது.

உடுக்கை அடிச்சுக் கதை பாடற உடுக்கடிப் பாட்டுதான் என் முனைவர் பட்டத் தலைப்பு. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் மூணு மாசி மாசம் அலைஞ்சு, அண்ணன்மார் கதை இன்னும் எந்தெந்த ஊர்ல பாடறாங்கன்னு ஒரு வரைபடம் போட்டேன். டெல்லியில இருந்து வர்ற ஓர் ஆய்விதழ் கட்டுரையை ஏத்துக்கிட்டாங்க. மெயில் வந்த சந்தோஷத்துல காந்திபுரத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில நின்னுட்டே, அவங்க அனுப்பின பதிப்புரிமைப் படிவத்தைப் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டேன். படிக்கவே இல்ல.

நாலு வருஷம் கழிச்சு ஆய்வேட்டைப் புத்தகமாக்கறப்போ பதிப்பாளர் கேட்டாரு, "அந்த வரைபடத்துக்கு அனுமதிக் கடிதம் இருக்குங்களா?" நான் வரைஞ்சதுக்கு நான் யார்கிட்டக் கேக்கறதுன்னு சிரிச்சுட்டேன். படிவத்தைத் தேடியெடுத்துப் பார்த்தா முழு உரிமையும், உலகம் பூரா, சட்டம் தர்ற காலம் பூரா அவங்களுக்கு. அந்தக் காலம் என் ஆயுளும் அதுக்கு மேல 60 வருஷமும்.

அப்பாகிட்டத் தமிழ்ல வாசிச்சுக் காட்டினேன்.

"ஏங்கண்ணு, இது கிரயமா, குத்தகையா?"

"கிரயமுங்கப்பா."

"எத்தனைக்கு?"

"சும்மாதானுங்க."

மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு.

அவர் கேட்டது சரியான கேள்விதான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தோட 19ஆம் பிரிவு நம்ம பத்திரம் மாதிரியேதான் இருக்கு. எழுத்துல இருக்கணும், கையெழுத்து வேணும், எந்த உரிமை, எத்தனை காலம், எந்த எல்லைன்னு சக்குபந்தி சொல்லணும். காலம் சொல்லலைன்னா 5 வருஷம், எல்லை சொல்லலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். என் படிவத்துல எதையும் சொல்லாம விடலைங்க.

ஈரோட்டுல இருந்து, மஞ்சள் ஆராய்ச்சிக்காரர்:
எனக்கு நேர்மாறுங்க. மஞ்சள் இலைப்புள்ளி நோய் பத்தின கட்டுரையை சிசி பிஒய் உரிமத்துல போட்டோம், எங்க பேரைப் போட்டா யார் வேணும்னாலும் எடுத்துக்கலாங்கற பொது உரிமம். ஒருத்தர் அதை அப்படியே ஒரு தொகுப்புல சேர்த்து விலை வெச்சு வித்தாரு. சண்டைக்குக் கெளம்பினவனை எங்க நூலகர்தான் உக்கார வெச்சாரு. எங்க பேரும் மூலமும் போட்டிருக்கு, அந்த உரிமம் வியாபாரத்தையும் அனுமதிக்குது, விக்கக் கூடாதுன்னா வியாபாரத்துக்கு ஆகாதுங்கற என்சி சேர்ந்ததை எடுத்திருக்கணும்னாரு. தப்பு வித்தவர்மேல இல்லை. கோபம் மட்டும் போகலைங்க.

கோபியில இருந்து:
ஆய்வேடு ஷோத்கங்காங்கற ஆய்வேட்டு இணையக் களஞ்சியத்துல ஏறின பொறவு, "புத்தகமாக்கறோம், காசே வேண்டாம்"னு ஒரு மெயில். காசு வேண்டாங்கறவன் வேற என்ன கேக்கறான்னு பார்த்தேன். மொத்த உரிமை. அழிச்சுட்டேன்.

திருப்பூர், இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார்:
நான் அனுப்பறதுக்கு முன்னாடியே ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டேனுங்க. ஏத்துக்கிட்ட கைப்பிரதியை எங்க காலேஜ் தளத்துல வெக்கறதுக்கும், என் படங்களை என் புத்தகத்துல போட்டுக்கறதுக்கும் உரிமை எனக்கேன்னு. ரெண்டு நாள்ல சரின்னுட்டாங்க. இதைக் கேக்கலாமா வேண்டாமான்னு ஒரு வாரம் தூங்காமக் கெடந்திருக்கேன்!

சேலத்துல இருந்து:
உங்களுக்கெல்லாம் பேராவது வந்துச்சு. நான் எழுதின கட்டுரையில நெறியாளர் பேரும் இன்னொருத்தர் பேரும்தான் இருந்துச்சு. 57ஆம் பிரிவுப்படி உரிமையை எழுதிக் கொடுத்த பொறவும் "இது நான் எழுதினது"ன்னு சொல்ற உரிமை போகாதாமா. வைவா, அதாங்க முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு, முடியறவரைக்கும் அதை யாருங்க வாயத் தொறந்து சொல்றது?

மறுபடியும் நான்தான்:
சேலத்துக்காரருக்கு என்ன சொல்றதுன்னே தெரியலைங்க. மெயிலும் பழைய வரைவும் தேதியோட இருந்தா அழிச்சுடாதீங்க.

என் வரைபடத்துக்கு அவங்ககிட்ட அனுமதி கேக்கப் போறதில்ல. களக்குறிப்பு நோட்டு என்கிட்டத்தான் இருக்கு. வரைஞ்ச படம் அவங்களுது, எந்த ஊர்ல யார் பாடறாங்கங்கற தகவல் யார் சொத்தும் இல்ல. நொய்யலும் அமராவதியும் வர்ற மாதிரி புதுசா வரைஞ்சுட்டிருக்கேன். முன்ன போட்டதுல முத்தூர்ப் பக்கம் ரெண்டு பாட்டுக்காரங்க விட்டுப் போயிருந்தாங்க, இதுல அவங்களும் வர்றாங்க.